குழிக்கு வைத்த மணி

கன்ஃபிகர் என்ற கட்டளைமேல் ஜெனிஃபாவுக்குத் தீராத கடுப்பு. லைப்ரரி என்கிற புரோகிராம் துண்டு ஒன்றை, அதை எழுதிய சோர்ஸ் வரிகளிலிருந்து கட்டுவதற்கு முன்னால் அது கம்ப்யூட்டர் முழுக்கத் துழாவும். சம்பந்தம் பேச வந்த அத்தைக்காரி மாதிரி, இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று வரிவரியாக விசாரிக்கும். எல்லாவற்றுக்கும் 'எஸ்' போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு 'நோ' போட்டு உட்கார்ந்துவிடும். அன்றைக்கு அது உட்கார்ந்த இடம் சவுண்ட்.

ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவள் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சேறு தேங்கும் குழியில் விஷவாயு கிளம்பும். அறியாமல் இறங்கியவன் ஏறி வருவது கஷ்டம். அதனால் அந்த வருஷம், 2004-ல், குழிக்குள் ஒரு மீட்டரை வைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் ஒயர் இழுத்திருந்தார்கள். வாயு ஏறினால் திரை சிவக்க வேண்டும், குழியோரம் கட்டிய ஸ்பீக்கரில் மணி அடிக்க வேண்டும். மீட்டர் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கத்தான் அந்த லைப்ரரி.

அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸில் சவுண்டுக்கு வேண்டிய கோப்புகள் இல்லை. டெலிபோன் லைனில் இறக்கப் பார்த்தால் பாதியிலேயே அறுந்தது. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்காரர் சிடி போட்டுத் தருவதாகச் சொன்னார், ஆனால் உடனே இல்லை. மறுநாளோ அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். ஜெனிஃபா உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டளையின் வாலில் 'வித்தவுட் சவுண்ட்' என்று சேர்த்தாள். கன்ஃபிகர் சமர்த்தாக முடிந்தது. மேக் என்ற அடுத்த கட்டளையைக் கொடுத்ததும் வரிகள் மளமளவென்று ஓடி லைப்ரரியும் தயாரானது; திரை சிவக்கும், மணி மட்டும் அடிக்காது. திரைக்கு முன்னால் ஆபரேட்டர் ஆபித் பாஷா உட்கார்ந்தேதானே இருக்கிறார், சிவப்பைப் பார்த்தால் குரல் கொடுக்கமாட்டாரா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சிடி வந்ததும் மறுபடி கட்டிவிடலாம்.

அதிகாரிகள் திரையைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது இருதயராஜுக்குத்தான். குழி சுத்தம் செய்பவர், சர்ச்சில் ஞாயிறு பூசையில் ஜெனிஃபாவுக்கு எதிர்வரிசை.

"மணி அடிக்கும்ல பாப்பா?"

"அடிக்கும்ணே."

இன்றைக்கு இல்லை, சிடி வந்த பிறகு என்பதை மட்டும் முழுங்கிவிட்டாள். படித்தவர்களுக்கு இப்படி முழுங்குவது கைவந்த கலை. அப்போது அவளுக்கு அது பொய்யாகவே படவில்லை.

அதுவரை இருதயராஜ் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்குவார். கூட வேலை செய்யும் பிரேம்நாத் மேலே கயிற்றைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பான், பதில் வராவிட்டால் இழுத்துவிடுவான். மணி வந்துவிட்டதே, இனிமேல் கயிறு எதற்கு என்று பிரேம்நாத்தை மேனேஜர் பம்பு வேலைக்கு மாற்றிவிட்டார். அது ஜெனிஃபாவுக்குத் தெரியாது.

ஆம்பூரில் பல தொழிற்சாலைகளுக்கு வெள்ளிதான் லீவு. கழிவுநீர் வரத்து குறையும் அன்றுதான் குழியில் இறங்க முடியும். இது ஜெனிஃபாவுக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவள் கணக்கில் வெள்ளி என்பது லீவில் துணி துவைக்கிற நாள், அவ்வளவுதான். சிடி இன்னும் வந்திருக்கவில்லை. அந்த வெள்ளியும் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளை ஜிப்பா, தொப்பி சகிதம் ஆபித் பாஷா ஸ்கூட்டரில் வந்தார். ஜும்மா தொழுகைக்குப் போகிறவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் இங்கே என்றால் திரைக்கு முன்னால் யார்? ஓடிப்போய் ஸ்கூட்டரை மறித்தாள்.

"ஆபீஸ்ல யாரு பாய் இருக்காங்க?"

"பூட்டிட்டு வந்துட்டேம்மா. இருதயன் குழிக்குள்ள எறங்கிட்டான். அதான் மணி இருக்குதே."

"மணி அடிக்காது பாய்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை, வண்டியைத் திருப்பினார். ஜெனிஃபா பின்னால் ஏறிக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப்பாதியாக முணுமுணுத்தாள்.

ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். திரை முழுக்கச் சிவப்பு. சத்தம் ஒன்றுமில்லை. குழியோரம் ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளே இருதயராஜ் ஏணியில் ஒரு கை மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தார். பாஷாவின் சத்தம் கேட்டுப் பம்பிலிருந்து ஓடிவந்த பிரேம்நாத் மூலையில் கிடந்த பழைய கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான். தொழுகைக்குப் போட்ட ஜிப்பா சேறாக, பாஷா இருவரையும் மேலே இழுத்தார்.

இருதயராஜ் பிழைத்தார். ஆனால் பேச்சு குழறியது, கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. மீட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிடு, விஷயம் அதோடு முடியட்டும் என்று மேனேஜர் ஜெனிஃபாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையோடுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் போனாள். கட்டில் ஓரத்தில் அவர் மனைவி செண்பகம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இருதயராஜ் இவளைப் பார்த்ததும் எழ முயன்றார். முடியவில்லை.

"தோல் ஊறுற டிரம் ஓடுற எடத்துல வேல செஞ்சி எனக்குக் காது மந்தம் பாப்பா," என்றார் மெதுவாக. "நீ வச்ச மணி அடிச்சிருக்கும். எனக்குத்தான் கேக்கல. பேஜார் பண்ணிட்டேன் எல்லாருக்கும்."

மீட்டர் ரிப்பேர் என்று சொல்லத்தான் ஜெனிஃபா வந்திருந்தாள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"உங்க காதுமேல தப்பு இல்லண்ணே. மணி அடிக்கல. சவுண்ட் இல்லாம நான்தான் கட்டினேன்."

செண்பகம் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கத்துவாள் என்று ஜெனிஃபா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலாம்.

"அப்ப இவரு கேட்டப்போ அடிக்கும்னு ஏன்மா சொன்ன?"

இருதயராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.