நாலாம் பக்கம்

என் ஆராய்ச்சி வழிகாட்டி செந்தில்முருகன் சாரைப் பழிவாங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. நியாயமாகப் பார்த்தால் குறைவுதான். என்னிடமிருந்து அவர் பிடுங்கிக்கொண்டது நாலு வருடம்.

சேரன்மகாதேவி வயல் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து அந்த என்சைமைப் பிரித்தெடுத்தவள் நான். டி.என்.ஏ இழையில் கெட்டுப்போன இடத்தைத் தேடிப் பிடித்து அதை மட்டும் வெட்டி எடுக்கும், நல்லதைத் தொடாது. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக் குளிரறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வடித்து, வேறு புரதம் ஒன்றுகூடக் கலக்காமல் சுத்தம் செய்தேன். கட்டுரையையும் நானே எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது அவர் பெயர் மட்டும் இருந்தது. கடைசியில் நன்றி வரியில், ‘உதவிய முத்துராணிக்கு.’

கேட்டதற்கு, “நாத்து நடுதவ பேரையா நெல்லு மூட்டைல எழுதுதாங்க?” என்றார். என் அம்மா நாற்று நடுகிறவள் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

குழாய்களைக் கொதிநீரில் போட்டு என்சைமைக் கொன்றுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மனசு வரவில்லை. மாமியார்மேல் உள்ள கோபத்தில் பெற்ற பிள்ளையையா கொல்வார்கள்?

சார் உவரிக் கடற்கரையில் பாசி பொறுக்கிப் பட்டம் வாங்கியவர். எங்கள் ஃப்ரீசரை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. கட்டுரையிலும் தன் பெயர் இருக்கிற முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார். நாலாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தேன்: பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்திருப்பதால் இந்த என்சைம் மைனஸ் இருபதிலும் உறையாது, நீராகவே இருக்கும், அப்படி இருந்தால்தான் கெடாது.

போன வாரம், அவருக்கு விருது கொடுக்கலாமா என்று பார்க்க மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தது.

“சார், நீங்களே ஒங்க கையால எடுத்துக் காட்டுங்க. போட்டோ எடுப்பாங்கல்லா,” என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

வந்தவர்களுக்குத் தலைவர் மஹாலக்ஷ்மி மேடம், இந்தத் துறையிலேயே தலை நரைத்தவர். சார் புது வெள்ளைக் கோட்டில், “எல்லாம் நானே கூட இருந்து சுத்தம் பண்ணது மேடம்,” என்றபடி ஃப்ரீசரைத் திறந்தார். ஒரு குழாயை எடுத்துச் சாய்த்தார். உள்ளே நீர் ஆடியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஆடியது.

“ஏ முத்துராணி, ஃப்ரீசர அணைச்சுப் போட்டியா? எல்லாம் உருகிக் கெட்டுப்போய்க் கெடக்கு,” என்று கத்தி, ஐந்து குழாய்களையும் குப்பைத்தொட்டியில் வீசினார்.

என் உழைப்பு குப்பையில் கிடக்க, என் வயிறு குளிர்ந்தது.

மேடம் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். “உறைஞ்சிருந்தாத்தான் சார் கவலைப்படணும். இதுல என்ன கலந்திருக்கீங்க?”

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “நன்றி வரியில இருக்கற முத்துராணி நீங்கதானா? உங்க நோட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க. விருதை அப்புறம் பேசுவோம்.”

பதினோரு நோட்டுகளைச் சுமந்துகொண்டு நடந்தேன். சார் பின்னாலேயே வந்தார். கோட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?” என்றார், பைய.

“நாலாம் பக்கத்துல இருக்கு சார்,” என்றேன். “ஒங்க கட்டுரதான.”