பதினேழாம் நம்பர் உல்லன்

தை மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருக்கும் செலினா கைவேலைக் கடையில் சரக்கு மொத்தமும் வெள்ளையாகிக் கிடந்தது. பூசை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கிய உபகாரமேரி, கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்து வெளியே வந்து எதிரே நின்ற தக்காளி வண்டியைப் பார்த்தார். தக்காளி சிவப்பாகத்தான் இருந்தது. திரும்ப உள்ளே போனார். எம்ப்ராய்டரி நூல் நானூற்றுப் பன்னிரண்டு நிறம், உல்லன் அறுபது நிறம், கூடை பின்னும் ஒயர், பாசிமணி, சாட்டின் ரிப்பன், பாட்டிலில் அடைத்த பெயின்ட் வரைக்கும் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தன. கறுப்பு நூலும் வெளுத்திருந்தது. லேபிளில் அச்சடித்த நிற நம்பர் மட்டும் அழியவில்லை. ஒரு கண்டு குறையவில்லை, பூட்டு உடையவில்லை, எலி கடிக்கவில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நாலாவது வருஷம் அது. முட்டை ஐந்து ரூபாய் எழுபது காசுக்கு விற்ற வாரம்.

அந்தக் கடைக்கு வயது முப்பத்தொன்று. உபகாரமேரியின் வீட்டுக்காரர் சேவியர்ராஜ் அதைப் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடையாகத்தான் ஆரம்பித்தார். ஒரு மூலையில் மனைவி ஆசைக்கு நாலு கட்டு ஒயர் வாங்கி வைத்தார். சட்டம் கிடந்தது, ஒயர் போனது. அந்தக் காலத்தை இன்றைக்கு நினைத்தாலும் எங்களுக்கு ஏக்கமாக இருக்கிறது. டி.வி. வந்த வீட்டில் டி.வி.க்கு உறை இருக்கும், உறைக்கு ஓரத்தில் குஞ்சம் இருக்கும். பிளாஸ்க்குக்குச் சட்டை, சுவரில் மணி கோத்த நல்வரவு, அலமாரியில் உல்லன் நாய்க்குட்டி. பரீட்சை முடிந்த மறுநாள் பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து கலர் கார்டைக் கையில் வாங்கினால் லேசில் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் தலையணை உறையில் ரெண்டு கிளி போடாமல் புருஷன் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. அந்தக் கிளி ஒவ்வொன்றும் இந்தக் கடை நூல்தான். சேவியர்ராஜ் காலமான பிறகும், கடைக்குப் பெயர் கொடுத்த மகள் செலினா கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போன பிறகும், உபகாரமேரி ஒண்டியாகவே கடையை நடத்தினார். அந்தச் சரக்குதான் கடை, கடைதான் அவர் சோறு. கல்யாண சீசனை நம்பிக் கையிருப்பு எல்லாவற்றையும் அந்தத் தையில் சரக்காக்கியிருந்தார்.

நல்லவேளை, இன்ஷூரன்ஸ் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துச் செருப்புக் கடை மின்கசிவில் எரிந்தபோது, ஏஜென்ட் ஜெயசுதா வந்து உட்கார்ந்து, "அக்கா, தெனம் ஒரு டீ காசுதான், தீ வந்தா நீங்க தெருவுல நிக்க வேணாம்" என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பாலிசியில் தீ இருந்தது, வெள்ளம் இருந்தது, திருட்டு, கலவரம், இடி, பூகம்பம் இருந்தன. ஆகாய விமானம் கடைமேல் விழுந்தாலும் பணம் உண்டு என்று போட்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் விமானம் விழுவதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்த புண்ணியவான்கள், நிறம் போவதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஜெயசுதா திருட்டு என்ற தலைப்பில் விண்ணப்பம் போட்டார். அதற்குப் புகார் கொடுக்கப் போனபோது, போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் அரைமணி நேரம் யோசித்து, "பொருள் இருக்கிறது, நிறம் காணவில்லை" என்று எழுதி ரசீது கொடுத்தார். அதற்கு மேல் அவராலும் என்ன செய்ய முடியும்.

நிறம் எங்கே போனது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. மணலூர்பேட்டை தேவிப்ரியா, இப்போது ரெண்டு பிள்ளைக்குத் தாய், கையில் ஒரு ஒயர் கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாள். காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது நீலமும் மஞ்சளுமாகப் பின்னிய கூடை. இருபது வருஷமாக வெங்காயம் போட்டுப் போட்டுச் சாம்பலாகிவிட்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் புத்தம்புதுசாகத் தொங்குகிறது. அதைக் காட்டத்தான் வந்தாள். "அக்கா, இன்னா அதிசயம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறிக் காலை உள்ளே வைத்தாள். அந்த நிமிஷமே கூடை பழைய சாம்பலுக்குப் போய்விட்டது. அலமாரியில் ஒரு கட்டு ஒயர் நீலமாகவும் ஒரு கட்டு மஞ்சளாகவும் மாறின. தேவிப்ரியா பதறி வெளியே ஓடினாள். கூடை மாறவில்லை. மறுபடி உள்ளே வந்தாள், மறுபடி போனாள். போனது போனதுதான்.

உபகாரமேரி அந்த ரெண்டு கட்டையும் எடுத்து அவள் கையில் வைத்து, "காசு வேணாம்டி, வேற பின்னிக்க" என்றார். தேவிப்ரியா வாங்கவில்லை. "அது வேற கூடைக்கா. இது நான் பத்தொம்பது வயசுல போட்டது" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒரு கூடைக்கு இப்படி அழுவார்களா என்று கேட்பவர்கள் எதையும் பின்னிப் பார்க்காதவர்கள். அவள் போன பிறகு உபகாரமேரி உள்ளிருந்த மர பெஞ்சை இழுத்து வந்து வாசலுக்குக் குறுக்கே போட்டார். அன்றிலிருந்து யாரையும் கடைக்குள் விடவில்லை.

அவர் போட்டதும் சரியான நேரம்தான். அடுத்த வாரமெல்லாம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பிளாஸ்க் சட்டையோடு வந்தார். களமருதூர் கொளஞ்சியம்மாள் ஒரு தலையணை உறையை மஞ்சள் பைக்குள் நாலாக மடித்துக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று விரித்தார். ரெண்டு கிளி, பச்சைப்பசேலென்று. "எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, நான் வந்த அன்னிக்கி இருந்தாப்பல கீதுன்னாரு" என்று சொல்லி, ஐம்பது வயதில் முகம் சிவந்தார். இந்த முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கடையில் வாங்கிப் பின்னிய, தைத்த, கோத்த பொருள் எங்கெங்கே வெளுத்துக் கிடந்ததோ அங்கெல்லாம் நிறம் போய்ச் சேர்ந்திருந்தது. உபகாரமேரி ஒவ்வொன்றையும் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்துவிட்டு, "நல்லா கீதுங்க, உள்ள மட்டும் வந்துடாதீங்க" என்று அனுப்பினார். அந்த ரெண்டு கட்டு போக, அவர் பின்னால் அலமாரி வெள்ளையாகவே இருந்தது. வியாபாரம் நாளுக்கு ஒரு ஊசி, ரெண்டு கொக்கி.

பத்தாம் நாள் கம்பெனி சார்பில் நஷ்டத்தை மதிப்பிட பிரவீன்குமார் வந்தார். விழுப்புரத்துக்காரர், நேர்மையான பையன், முப்பது வயதுக்குள் முடி கொட்டியிருந்தது. நூலை எடை போட்டார், ஒரு கிராம் குறையவில்லை. தேவிப்ரியா கதையைக் கேட்டார், நீலக் கட்டையும் மஞ்சள் கட்டையும் போட்டோ எடுத்தார், பாலிசியை முதலிலிருந்து படித்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு ஷரத்து இருந்தது: பாலிசி எடுத்தவர், இன்ஷூரன்ஸே இல்லாதவர் தன் பொருளை மீட்க எப்படிப் பாடுபடுவாரோ அப்படிப் பாடுபட வேண்டும், படாவிட்டால் இழப்பீடு கிடையாது. பிரவீன்குமார் அதை விரலால் தொட்டுக் காட்டினார். "அம்மா, உங்க பொருள் தொலையல. அவங்க உள்ள வந்தா திரும்ப வந்துடுது. ஆட்டோல மைக்கு கட்டி ஒரு வாரம் சொன்னாப் போதும், எல்லாரும் எடுத்துக்கிட்டு வருவாங்க. வராத மிச்சத்துக்குக் கம்பெனி பணம் தரும். ரெண்டு மாசத்துல கடை பழையபடி ஆயிடும்."

உபகாரமேரி யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஆசை இல்லாமல் இல்லை. கல்யாண சீசன் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பாவம், யாரிடம் கேட்பது? சாமியாரிடம் கேட்டார். இன்ஷூரன்ஸ் ஷரத்துக்கு வேதாகமத்தில் வசனம் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

பிரவீன்குமார் சும்மா இருக்கவில்லை. அறிக்கைக்கு ஒரு நிரூபணம் வேண்டும், அதுவும் தன் கண்ணெதிரில் நடக்க வேண்டும். கல்வராயன் மலையில் யாரோ ஒருவர் கழுத்துத் துண்டு தீக்கங்கு போல மினுங்குவதாகக் கேள்விப்பட்டு, காரை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு மேலே போனார். முதலில் ரெண்டு ஊரில் நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்து, பட்டாவோடு ஓடி வந்தவர்களும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. மூன்றாம் ஊரில், மூடுபனிக்குள், சாமைக் காட்டோரம் சடையன் என்பவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் உல்லன் மப்ளர். பாதி பழுத்த பப்பாளியின் உள்நிறம். பிரவீன்குமார் விஷயத்தைச் சொன்னதும், அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் எழுந்து காரில் ஏறிவிட்டார்.

மாசி ரெண்டாம் தேதி பகல் பதினோரு மணிக்கு இருவரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஜெயசுதா ஃபைலோடு தயாராக இருந்தார், தெருவும் கூடிவிட்டது. சடையன் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று மப்ளரைக் கழுத்திலிருந்து கழற்றினார். "உங்க சரக்கு எங்கிட்ட வந்து சேந்துடுச்சின்னு சார் சொன்னாருங்கம்மா. அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்குங்க? உள்ள எங்க வெக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"அங்கியே நில்லுங்கண்ணே" என்றார் உபகாரமேரி. அவர் மப்ளரையே பார்த்தார். பிறகு திரும்பி உல்லன் அலமாரியைப் பார்த்தார். பதினேழாம் நம்பர், எட்டு உருண்டை, எட்டும் வெள்ளை. "இது யாரு போட்டது?"

"எங்க பூமாலைங்க. எம் பொஞ்சாதி. கான்வென்ட்டு சிஸ்டருங்க மலைக்கு வந்து சொல்லிக் குடுத்தாங்க, அப்ப போட்டது. அவ போயி பதினோரு வருஷம் ஆவுதுங்க. போட்டோ ஒண்ணுகூட இல்ல."

உபகாரமேரிக்கு ஞாபகம் வந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு மலைக்காரப் பெண், காலையில் வந்தவள், கலர் கார்டில் அறுபது நிறத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஹாரன் அடித்த பிறகுதான் பதினேழை எடுத்தாள். அன்றைக்கு உபகாரமேரி அவளை மனசுக்குள் திட்டிக்கூட இருக்கிறார். "இந்தக் கலருதான்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

சடையன் கையிலிருந்த மப்ளரைத் திருப்பிப் பார்த்தார். "மறந்துட்டங்கம்மா. அஞ்சாறு வருஷமா நெனச்சு நெனச்சுப் பாத்தன். மஞ்சளோ, செகப்போன்னு இருந்தன். அவகிட்ட கேக்க முடியுங்களா? இப்ப தை மாசந்தான், காலைல எடுத்துச் சுத்தலாம்னு பாத்தா…" ஆனாலும் காலைத் தூக்கியபடியேதான் நின்றார். மலைக்காரர்கள் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார்கள்.

"அம்மா, ஒரே ஒரு அடி" என்றார் பிரவீன்குமார், தவிப்போடு. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இவர் வரலன்னா நான் எழுத ஒண்ணுமில்ல, பைசா வராது."

"அவங்க காசு குடுத்து வாங்கிக்கினு போனது சார். வித்தத நான் எப்பிடி திருப்பிக் கேக்கறது?"

"பொருளக் கேக்கலியேம்மா. கலரத்தான கேக்கறோம்."

"கலருக்காகத்தான் சார் அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பஸ்ஸு போற வரைக்கும் இங்க நின்னா" என்றார் உபகாரமேரி. சொல்லிவிட்டு பெஞ்சுக்கு மேலே குனிந்து, உள்ளே படாமல், சடையனின் காலைத் தன் கையாலேயே தள்ளி வெளியே வைத்தார். மப்ளரை வாங்கவில்லை, தொடவும் இல்லை. "சுத்திக்குங்கண்ணே, வெயிலா இருந்தாலும் பரவால்ல" என்றார். சடையன் மாசி வெயிலில் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயசுதா மூக்கைச் சிந்தினார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கும் கடிதத்தில் உபகாரமேரி அங்கேயே, பெஞ்சின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிரவீன்குமார் தன் அறிக்கையில் இழப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில், "விற்ற பொருள் இன்னும் வாங்கியவர்களிடமே இருக்கிறது" என்று எழுதி அனுப்பினார். கம்பெனி அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டு ஃபைலை மூடியது.

கடை மூடப்படும் என்று ஊரே எதிர்பார்த்தது. மூடவில்லை, ஆனால் அந்த வருஷம் உபகாரமேரி பட்டபாடு கொஞ்சமில்லை. கல்யாண சீசன் முழுசாகப் போனது. ஈஸ்டருக்கு முன்னால், புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புக்கு வெள்ளை ரிப்பனும் வெள்ளை மணியும் கேட்டு மூன்று பங்குக் கோயில்களிலிருந்து ஆள் வந்தது, அதில் மூச்சு வந்தது. பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து நம்பர் சொல்லிக் கேட்டார்கள். கிளிக்கு இருநூற்று நாலு, மூக்குக்கு முப்பத்தொன்று. எல்லாம் வெள்ளை என்று தெரிந்தும், நம்பர் மாறினால் சண்டைக்கு வந்தார்கள். பரிதாபப்பட்டு வாங்கினார்கள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எங்கள் ஊர்க்காரிகள் பரிதாபத்துக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல் அவிழ்க்க மாட்டார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் போட்ட கிளியை அவர்கள் தள்ளி நின்று பார்த்து, பச்சை கொஞ்சம் தூக்கல் என்று சொல்வதை நாங்களே கேட்டிருக்கிறோம்.

பாலிசியை ஜெயசுதா வருஷா வருஷம் புதுப்பித்து வருகிறார். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில் யுத்தம், அணுக்கதிர் ஆகியவற்றுக்குக் கீழே, நிறம் தானாக வெளியேறுதல் என்று இப்போது அச்சடித்தே வருகிறது. விமானத்துக்கு இன்னும் பணம் உண்டு. வாசலில் பெஞ்சு கிடக்கிறது, வியாபாரம் அதன் மேல்தான் நடக்கிறது. புதிதாக வருகிற பெண் யாராவது பதினேழாம் நம்பர் எப்படி இருக்கும் என்று கேட்டால், உபகாரமேரி ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து வைத்து, "கலரு மலைமேல கீதும்மா. பாத்துக்கினு வந்து வாங்கு" என்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கியவர்கள் இதுவரை நாலு பேர். வெள்ளிமலை பஸ் காலையில் பத்தரைக்கு.