நீர்க்க நீர்க்கத் தெளிந்தது

கங்காதரனுக்கு என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் ஓட்டுகிறவன். 1976-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், செங்கல்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி கன்னியம்மா அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

காலையில் நன்றாக இருப்பான். மத்தியானம் கழிந்ததும் குளிர் எடுக்கும். சாயங்காலம் காய்ச்சல் ஏறி, பிறகு பாய் முழுக்க நனைகிற மாதிரி வியர்த்துக் கொட்டும். சில நாள் இப்படிப் படுத்திவிட்டுத் தானாகவே போய்விடும். "சரியாப் பூடுச்சி" என்று மரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போவான். மறுபடியும் வந்துவிடும். போகப் போக இடுப்பு பிடித்துக்கொண்டு, மரத்தைத் தள்ளவே முடியாமல் போயிற்று. புதுப்பட்டினத்தில் ஒருவர் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் மலேரியா என்றார். குப்பத்தில், கடலில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

பெரிய டாக்டர் சுப்புராமன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்ததில் காசநோயும் இல்லை. கடைசியில் கன்னியம்மாவைப் பார்த்து, "வீட்டில் ஆடு மாடு வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஆடு கீது டாக்டரே. மாசிக்கு அப்புறம் ஒண்ணு குட்டி போட முடியாம கத்திகினே இருந்துச்சி. பாக்க முடியல. இவுருதான் கை வுட்டு இழுத்தாரு. குட்டி செத்துதான் வந்துச்சி. தாயி பொழைச்சிகிச்சி."

சுப்புராமன் கங்காதரனின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். கயிறும் உப்புத் தண்ணீரும் அறுத்த வெடிப்புகள் கோடு கோடாக இருந்தன. அவர் நேராக ரத்தப் பரிசோதனை அறைக்குப் போனார்.

அந்த அறை டாக்டர் சகுந்தலாவின் பொறுப்பு. கிருமிகளைப் பற்றிய படிப்பை மெட்ராஸில் முடித்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"சகுந்தலா, புருசெல்லோசிஸ் பார்க்க முடியுமா? ஆட்டுகிட்டேருந்து வந்திருக்கும்னு தோணுது."

படித்திருந்தாளே தவிர, அந்த நோயை அவள் கண்ணால் கண்டதில்லை. சோதனைக்கு வேண்டிய மருந்தை கால்நடை டாக்டர் வாசுதேவன் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொடுத்தனுப்பினார். சின்னப் புட்டிதான். அதற்குள் கொல்லப்பட்ட புருசெல்லா கிருமிகள் கழுநீர் மாதிரிக் கலங்கலாக மிதந்தன. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரை உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்து, அதோடு இதைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைக்க வேண்டும். அந்தக் கிருமியை எதிர்த்துப் போராடிய ரத்தமாக இருந்தால், அதிலுள்ள எதிர்ப்புப் பொருள் கிருமிகளைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடும். கட்டியவை அடியில் படிய, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். போராடாத ரத்தமானால் கலங்கல் கலங்கலாகவே நிற்கும்.

மருந்தை மிச்சம் பிடிக்க நான்கு கண்ணாடிக் குழாய்களில் மட்டும் போட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது நான்கும் கலங்கியே இருந்தன.

"இல்லை சார்," என்றாள்.

சுப்புராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சகுந்தலா வார்டு வழியாக வந்தாள். கங்காதரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல் இருந்தது. கன்னியம்மா முந்தானையால் அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, என் ரத்தம் இன்னா சொல்லுச்சி?" என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலப்பா."

"என்னை மாரியே அதுவும் அழுத்தம்" என்று சிரித்தான். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

சகுந்தலாவுக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் ஒருவர் போகிற போக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. எதிர்ப்பு அளவுக்கு மீறி இருந்தால் ரத்தம் சில சமயம் வாயைத் திறக்காது; நீர்க்க வைத்தால்தான் பேசும். அப்போது அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. மீதியிருந்த தெளிநீரை எடுத்தாள். இரண்டு மடங்கு, அதில் இரண்டு மடங்கு, மறுபடியும் அதில் இரண்டு மடங்கு என்று பத்துக் குழாய்கள் வரை நீர்க்கச் செய்துகொண்டே போனாள். கடைசிக் குழாயில் கங்காதரனின் ரத்தம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்குமா என்றே சந்தேகம். புட்டியில் இருந்ததைச் சுரண்டி எல்லாவற்றிலும் ஊற்றினாள். இத்தோடு மருந்து தீர்ந்தது. ரத்தமே சேராமல் உப்புக் கரைசலில் அதே மருந்து விட்ட குழாய் ஒன்றையும் ஒப்புப் பார்க்கக் கூடவே வைத்திருந்தாள்.

மறுநாள் சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தவள், வரிசையைத் தலைகீழாக வைத்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். ரத்தம் அடர்த்தியாக இருந்த முதல் நான்கும் கலங்கல். ஐந்தாவதில் லேசாகத் தெளிவு. ஆறாவது ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. ஏழும் எட்டும் அப்படியே. ஒன்பதில்கூடத் தெளிவு தெரிந்தது. பத்தாவது மட்டும் கலங்கல். தெளிந்த குழாய்களின் அடியில் மெல்லிய ஏடு மாதிரி ஒன்று விரிந்து கிடந்தது. ஏழாவது குழாயை விரலால் தட்டினாள். ஏடு உடைந்து, பஞ்சுப் பிசிறுகளாக மேலே எழுந்து, மெல்ல மெல்ல மறுபடி இறங்கியது. உப்புக் கரைசல் குழாய் ஒன்றும் அறியாததுபோல் கலங்கி நின்றது.

நூறு மடங்கு, ஐந்நூறு மடங்குக்கும் மேல் நீர்த்த பிறகும் அந்த ரத்தம் தன் எதிரியை அடையாளம் கண்டு பிடித்திருந்தது. கோயில் கருவறையில் திரை விலகும்போது வரும் சிலிர்ப்பு அவளுக்கு வந்தது. அந்த அறையில் பினாயில் வாசனைதான் வீசியது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

சுப்புராமன் வந்து பார்த்தார். ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷனைக் கூப்பிடு, அவனும் பார்க்கட்டும்" என்றார்.

கங்காதரன் கன்னியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். சகுந்தலா அவனுக்குப் புரியும்படி சொன்னாள்: "இதெல்லாம் உன் ரத்தம். இந்த முதல் நாலு குழாயில அது ரொம்ப ஜாஸ்தி. கிருமி ஒவ்வொண்ணையும் அது தனித்தனியா மூடிடுது, அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேர முடியல. கொஞ்சமானாத்தான் சேர்த்துக் கட்டுது. ஆட்டுகிட்டேருந்து உன் கை வெடிப்பு வழியா உள்ளே போயிருக்கு."

அவன் குனிந்து முதல் குழாயிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே போனான்.

"கடலு மாரியே கீதும்மா. கரையோரம் கலங்கலு. உள்ள போவப் போவத் தெளிஞ்சிகினே போவும்" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "இது எங்கூடவே இருந்துகினு, எனக்குத் தெரியாம இம்மாம் சண்டை போட்டுகீதா?" என்று கேட்டான்.

சுப்புராமன் மருந்துச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

அன்றே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் டெட்ராசைக்ளின் மாத்திரையும் தொடங்கினார்கள். முதல் சில நாட்கள் காய்ச்சல் அடங்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அது வரவில்லை. கன்னியம்மா அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகும் நம்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

குப்பத்தில் ஆடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வாசுதேவனும் சகுந்தலாவும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனார்கள். இந்த முறை கொண்டுபோனது வேறு மருந்து, ரோஜா நிறத்தில் சாயம் ஏற்றிய கிருமிகள். வெள்ளை ஓட்டின் மேல் ஒரு சொட்டு தெளிநீரும் ஒரு சொட்டு மருந்தும் விட்டுக் குச்சியால் கலக்கி, ஓட்டை ஆட்ட வேண்டும். நோய் இருந்தால் கொஞ்ச நேரத்தில் குறுமணலாகத் திரளும்.

வலை காய்கிற மணலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். ஆடுகளிடம் எடுத்த ரத்தம் உறைந்து தெளிநீர் பிரியும்வரை குப்பமே சுற்றி நின்றது. கங்காதரன் காப்பாற்றிய ஆட்டின் சொட்டு முதலில் திரண்டது. பார்த்தவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"இதை வெச்சிருக்கக் கூடாது. விக்கவும் கூடாது. சர்க்கார்ல சொல்லி நானே ஏற்பாடு பண்றேன்" என்றார் வாசுதேவன்.

கன்னியம்மா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து, கையை நீட்டினாள். "என் ரத்தத்தையும் பாரும்மா. இத்த மேச்சது நானு, பாலு கறந்தது நானு."

அவளுடைய சொட்டு ரோஜா நிறத்தில் அப்படியே வழவழவென்று நின்றது. ஓட்டை எவ்வளவு ஆட்டியும் மணல் விழவில்லை. கன்னியம்மா பாலைக் கொதிக்க வைக்காமல் குடித்ததில்லை. செத்த குட்டியைத் தொட்டதுமில்லை.

"ஒரே வூடு, ஒரே ஆடு. அவுருக்கு வந்துச்சி, எனுக்கு வர்ல" என்று அந்தச் சொட்டையே பார்த்தாள்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது, பின்னால் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். ஆராயி என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரி; ஆடு ஈன்றால் அவளைத்தான் குப்பத்தில் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷமாகக் காய்ச்சலும் இடுப்புவலியும் என்று படுத்துப் படுத்து எழுந்தவள். வேலைக்கு வணங்காமல் நடிக்கிறாள் என்று மாமியார் வீட்டில் ஏசினார்கள். அவள் புருஷனும் அதைத்தான் நம்பினான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

ரத்தம் எடுத்து, உறைந்து, தெளிநீர் பிரிவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஆராயி நகரவேயில்லை. சகுந்தலா இரண்டு சொட்டுகளையும் கலக்கி ஓட்டை ஆட்டினாள். ரோஜா நிறம் முதலில் வழவழப்பாக ஓடியது. பிறகு ஓரத்தில் ஒரு மணி, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று விழுந்து, ஓடு முழுக்கக் குறுமணலாகத் திரண்டது.

"இருக்கும்மா" என்றாள் சகுந்தலா. "ஆஸ்பத்திரிக்கு வா. இன்னொரு தடவை பார்த்து உறுதி பண்ணிட்டு மருந்து ஆரம்பிக்கலாம். சரியாப் போயிடும்."

ஆராயி ஓட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். தன் புருஷன் நிற்கும் பக்கம் திரும்பி, அவன் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நெசமாவே நோவுதான்யா" என்றாள்.