சொல்வதை எழுதுபவர்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வன்று காலை, பேராவூரணித் தேர்வு மையத்தில் பணிச்சீட்டை வாங்கியதும் எழில்மொழி டீச்சருக்கு முதலில் நினைவுக்கு வந்தது மதியச் சாப்பாடுதான். சீட்டில் 'சொல்வதை எழுதுபவர்' என்று போட்டிருந்தது. வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் ஒரு மாணவிக்குக் கேள்வியை வாசித்துக் காட்டி, அவள் வாயால் சொல்லும் விடையை இவர் தாளில் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்றேகாலுக்கு மணி அடித்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். டப்பாவில் கட்டிவந்த எலுமிச்சைச் சாதம் ரெண்டேகால் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. டீச்சருக்குத் தமிழாசிரியையாக இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். பத்திரிகை கொடுக்க ஆள் வருகிறது என்றால் கணவர் செழியன் அந்தப் பேனாவை எடுத்து ஒளித்துவைப்பது தெருவுக்கே தெரிந்த கதை. அப்படிப்பட்டவரிடம், பிள்ளை சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக்கூடாது என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கையெழுத்துப் போட்டால் மட்டும் மாறிவிடுமா என்ன?

அறை வாசலில் மாணவி தஹ்மீனாவும் அவள் தாய் மெஹராஜ் பேகமும் நின்றிருந்தார்கள். தாயின் கையில் ஒரு நீலக் கோப்பு. கேட்காமலே திறந்து காட்டினார். எட்டாம் வகுப்பு வரை மகள் வாங்காத அடி இல்லை, வைக்காத ட்யூஷன் இல்லை. ஒன்பதாவதில் பள்ளிக்கு வந்த சிறப்பாசிரியை ஒருவர்தான், இது சோம்பேறித்தனம் இல்லை, சோதித்துப் பாருங்கள் என்றாராம். தஞ்சாவூரில் ரெண்டு நாள் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள், கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள், கதை சொல்லித் திருப்பிக் கேட்டார்கள். கதையை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாளாம். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று சான்றிதழ் வந்தது.

"எம்புள்ள மக்கு இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க டீச்சர். ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னுதான் பாத்தேன். பரீட்சைக்குக் கேப்பாங்கன்னு வச்சிருக்கேன்" என்றார் மெஹராஜ் பேகம்.

தஹ்மீனா தரையைப் பார்த்தபடி நின்றாள். அந்தத் தாயின் சந்தோஷம் டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. இந்தப் பெண் தேறிவிட வேண்டும் என்று அந்த நிமிடமே மனம் சாய்ந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

வேதியியல் ஆய்வகத்தைத்தான் அறையாக ஒதுக்கியிருந்தார்கள். கண்காணிப்பாளர் காதர் மைதீன் சார் வாசலோரம் உட்கார்ந்து தன் படிவங்களில் மூழ்கிவிட்டார். டீச்சர் கேள்வியை வாசிப்பார். தஹ்மீனா கண்ணை மூடிக் கேட்பாள், பிறகு பேச்சுத் தமிழில் விடை சொல்வாள். டீச்சர் அதை எழுத்துத் தமிழில் எழுதுவார். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டுமா என்று கேட்டதற்கு, கடைசியில் மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டாள்.

ஐந்து மதிப்பெண் வினா வந்தது. புயல் சேதத்தைக் குறைக்கும் வழிகள் ஐந்தினை எழுதுக. அதைக் கேட்டதும் தஹ்மீனா கண்ணைத் திறந்தாள். கஜா புயல் அடித்தபோது அவளுக்கு எட்டு வயது. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். செல்போனுக்கு முன்னாடியே சார்ஜ் போடணும், ஓட்டு வீட்டுக்காரங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும், மாட்டை அவிழ்த்துவிடணும் என்று மூன்று சொன்னாள். நான்காவதாக, புயல் வருவதற்கு முன்பே தென்னையில் காயைப் பறித்து அடிமட்டையைக் கழித்துவிட்டால் பாரம் குறையும், அப்படிச் செய்த மரங்கள் சில நின்றுவிட்டன என்றாள்.

டீச்சரின் பேனா ஒரு கணம் நின்றது. அந்தப் புயலில் செழியனின் தோப்பில் அறுபது மரம் சாய்ந்தது. இப்படி ஒரு வழி இருந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை. எவ்வளவு பெரிய விஷயத்தை இந்தப் பெண் போகிற போக்கில் சொல்கிறாள் என்று மனம் நெகிழ்ந்தது.

ஐந்தாவது வரவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றாள். டீச்சர் சரி என்றார். கை மட்டும் சரி என்று சொல்லவில்லை. 'வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கைகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்' என்று அழகாக ஒரு வரி எழுதிவிட்டுத்தான் நின்றது.

ஒன்றேகால் மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் கூச்சலோடு வெளியேறினார்கள். வரைபடம் மட்டும் பாக்கி. அதற்கு முன் எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாள் தஹ்மீனா. டீச்சர் வாசித்தார். அந்த ஐந்தாவது வரி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகத் தாண்டினார்.

"இது நான் சொல்லலையே டீச்சர்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. பிள்ளை நல்லதுக்குத்தான், ஒரு மார்க்தானே என்று முணுமுணுத்தார். தஹ்மீனாவுக்குக் கோபம் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"டீச்சர் எழுதிக் குடுத்துத்தான் நீ பாஸாவேன்னு க்ளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. ஒரு வரி இருந்தாலும் அது நெசமாயிடும். அடிச்சிடுங்க டீச்சர். நாலு போதும்."

வாசலில் காதர் மைதீன் சார் தலை நிமிர்ந்து பார்த்தார். எழில்மொழி அந்த வரியின் மேல் ஒரே கோடாக இழுத்தார். எத்தனை ஆயிரம் தாள்களில் கோடு இழுத்த கை! தன் வரியை ஒரு மாணவி அடிக்கச் சொல்லி அடிப்பது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அதைவிட, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நிம்மதியாகவும் இருந்தது.

வரைபடத்தை அவள்தான் குறிக்க வேண்டும். பென்சிலைக் கொடுத்துவிட்டு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். தஹ்மீனா மேற்கே தொடங்கிக் காவிரியைத் தயங்காமல் கீழே இறக்கினாள். கல்லணையில் பிரித்துக் கொள்ளிடத்தை வடக்கே ஓடவிட்டாள். பூம்புகாரில் ஒரு புள்ளி. பிறகு கரையோரமாகவே தெற்கே இறங்கிக் கோடியக்கரையில் இன்னொரு புள்ளி. அங்கிருந்து பென்சில் மேற்கே திரும்பி, வினாவில் கேட்காத இடம் வரைக்கும் நகர்ந்து, முத்துப்பேட்டைப் பக்கம் வந்து நின்றுவிட்டது.

"டீச்சர், இங்க அலையாத்திக் காடு இருக்குல்ல. கஜாவுல அது இருந்த பக்கம் கடல் தண்ணி அவ்வளவா உள்ள ஏறலைன்னு எங்கத்தா சொல்லுவாங்க. அந்தக் காட்ட வளக்கணும்னு எழுதலாமா?"

"நீ சொன்னா எழுதுறேன்" என்றார் டீச்சர்.

தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அடித்த வரிக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அங்கே பேனா முனையை வைத்துக்கொண்டு, முதல் வார்த்தைக்காக அவள் வாயைப் பார்த்தார்.