வாசில் பிடித்த மீன்கள்

1
இந்தக் கதை கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகக் கடையொன்றில் நான் தின்ற பொரித்த காட் மீனிலிருந்து பிறந்தது. போர்க்கதை எழுதுகிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

முதல் வரி: 'அட்லாண்டிக் சீறியது, வீரர்களின் நெஞ்சம் விம்—'

(வேண்டாம். அந்தச் சின்னக் காவல் கப்பலில் நெஞ்சு விம்ம யாருக்கு நேரம்? பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.)

2
ஆள் வாசில். சஸ்காச்சுவான் கோதுமைக்காட்டுக்காரன், போர் வந்துதான் கடலையே பார்த்தான். கடலுக்கடியிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கருவியில் கேட்டு, நீர்மூழ்கி வருகிறதென்று சொல்வது அவன் வேலை. சொன்னதும் வெடிப்பீப்பாய்களைக் கடலில் உருட்டிவிடுவார்கள். மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் செத்து மிதந்தது மீன்தான். ஹிட்லருக்கு நஷ்டமில்லை, கப்பலுக்குச் சாப்பாடு ஆயிற்று. இப்போதெல்லாம் வெடி கேட்டாலே வலைக்கூடையோடு ஓடுகிறார்கள்.

"மாப்ளே, இன்னைக்கு ஹெர்ரிங் மீனா பாத்துப் போடு. காட் தின்னு நாக்கு செத்துப்போச்சு," என்றான் சமையல்காரன் லார்ன்.

"உன் சமையல்ல மீனு ரெண்டாந்தடவ சாவுது. போடா," என்றான் வாசில்.

3
நாலாவது எதிரொலி. பின்னால் இவர்கள் காவல் காக்கும் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக வருகின்றன. பீப்பாய்களோ கடைசி ஈடுதான் மிச்சம். வாசில் கருவியை இன்னொரு தடவை காதில் அழுத்திக் கேட்டான். (இந்தத் தயக்கத்தை இரண்டு பக்கம் இழுக்க ஆசைதான். அதற்குள் ஒரு கப்பல் மூழ்கிவிடும்.)

"நீர்மூழ்கி, சார்."

"மீனில்லையே?" என்றார் கேப்டன் பால்ட்ரி.

"தெரியல சார். மீனுன்னு நெனச்சுச் சும்மா இருக்க முடியல."

"சரி. போடுங்கப்பா."

கடல் வெள்ளையாக எழுந்து அடங்கியது. வாசில் கப்பலின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். லார்ன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எது வரணும்னு வேண்டிக்கிற?"

"நீர்மூழ்கி ஒடைஞ்சு அதோட எண்ணெய் மெதக்கணும்டா. இந்த ஒரு தடவயாவது."

லார்ன் வலைக்கூடையைக் கீழே வைத்தான். "அதுக்குள்ளயும் நம்மளாட்டம் ஒரு சமையக்காரன் இருப்பான்ல?"

4
இனி எழுத வேண்டியது ஒரே வார்த்தை. மீன் என்றால் வாசிலை உருளைக்கிழங்கு உரிக்க அனுப்புவார்கள், சாகும்வரை கேலி. ஆனால் யாரும் சாகவில்லை. எண்ணெய் என்றால் அவன் மானம் பிழைக்கும். கீழே நீர்மூழ்கியின் ஆட்கள் பிழைக்கமாட்டார்கள்.

பேனா இந்தாருங்கள். நீங்கள் வாசிலின் மானத்தைத்தான் காப்பாற்றுவீர்கள், தெரியும். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.