ரோஹிணிக்காக நான் சொன்னது

நான் மராத்தி ஊரான கசார்வாடியிலேயே பிறந்து வளர்ந்தவள். மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

தம்பி சந்துருவின் மனைவி ரோஹிணி தென்காசிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்காகப் பேசுவது நான்தான்.

ஒன்பதாம் மாதம் அம்மா ஊர் ஜோசியரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலிலிருந்து பத்துக்குள் பிள்ளை பிறந்தாக வேண்டுமாம். சந்துரு என்றைக்கு அம்மா கிழித்த கோட்டைத் தாண்டினான்?

டாக்டரம்மாவோ, "எல்லாம் நன்றாக இருக்கிறது. வலி தானாக வரும். ஆபரேஷன் அவளே விரும்பினால்தான். கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டேன். ரோஹிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மதினி. வலி வரட்டும், தாங்கிக்கிடுதேன். கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

கதவோரம் நின்ற அம்மா என்னை முறைத்தாள். நான் டாக்டரிடம், "வலிக்குப் பயப்படுகிறாள். ஆபரேஷனே செய்யச் சொல்கிறாள்" என்று கூசாமல் சொன்னேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்ற மராத்தித் தாளை நர்ஸ் நீட்டியபோது, "இது எதுக்கு மதினி?" என்றாள் ரோஹிணி. "பெட்டுக்குத்தான், கையெழுத்துப் போடுடி" என்றேன். போட்டாள்.

வியாழக்கிழமை, பிள்ளைக்கு ஆபத்தாம் என்று அவளிடம் இன்னொரு பொய் சொன்னேன். பாவம், அழுதுகொண்டே உள்ளே போனாள். பெண் பிறந்தது. அம்மா வார்டு முழுக்கப் பேடா கொடுத்தாள்.

மறுநாள் டாக்டர் வந்து ரோஹிணியின் தோளைத் தட்டினார். "நீயே கேட்டு வாங்கிய வலி, பொறுத்துக்கொள். பிள்ளைக்கும் உனக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. அடுத்த முறையாவது பயப்படாதே."

"என்ன சொல்லுதாங்க மதினி?"

"நல்லா சாப்பிடச் சொல்லுதாங்க."

"இவ்வளவு நேரம் பேசினது இவ்வளவுதானா?"

ரோஹிணி, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டாள். அவள் பக்கத்துக் கட்கியில் வளர்ந்த தமிழ்க்காரி, மராத்தியும் தெரியும். "அக்கா, அவங்க சொன்னத நீங்க சொல்லுங்க."

மேரி டாக்டரிடம் கேட்டு அப்படியே சொன்னாள். ரோஹிணி தையலைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் கேக்கவே இல்ல, வேண்டாம்னுதான் சொன்னேன்னு சொல்லுங்கக்கா. இனிமே எனக்காக இவங்க ஒண்ணும் பேச வேண்டாம்னும் சொல்லுங்க."

மேரி ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார்.