ஆணி விழுங்கிய இலவமரம்

1

எழுதிக்கொண்டிருந்த தாளில் ஒரு மரச்சிராய் பேனா முள்ளைத் தடுக்கியது. அந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை. உயர்ந்த நோக்கம் ஏதும் கிடையாது.

[முதல் தொடக்கம்: 'யுத்தகாலத்து இளங்காலையில், மேற்கு மலைச் சாரலிலே…' வேண்டாம். மலை அது பாட்டுக்கு இருக்கட்டும்.]

1942. காகிதத்துக்குப் பஞ்சம். ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் ஒரு மர அரவை ஆலை வைத்தார். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுழலும் பெரிய கல்லில் கட்டையை அழுத்தினால் மரம் கூழாகும், கூழ் காகிதமாகும். கட்டையை அழுத்துகிறவன் பெயர் இருதயம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்.

2

மம்சாபுரத்தில் மலிவாக ஓர் இலவமரம் கிடைத்தது. கோடாங்கிகள் பேயை ஓட்டி ஓட்டி ஆணி அடித்துவைத்த மரம். மலிவுக்குக் காரணமே அதுதான். பட்டை வளர்ந்து ஆணிகளை விழுங்கியிருந்தது. ஆட்கள் கட்டையைத் தொட மறுத்தார்கள்.

"பேயாவது பிசாசாவது! இது யந்திர யுகம்" என்ற முதலாளி, இருதயத்தைப் பார்த்தார். "ஏலே, நீ வேதக்காரன்தான? ஒனக்குப் பேயே கிடையாதுல்ல. தள்ளு."

"பேய்க்கில்ல மொதலாளி, ஆணிக்குத்தான் பயப்படுதேன். செத்த நேரம் குடுங்க, செதுக்கிப் பாத்திருதேன்."

"நாளைக்கு ஆலையப் பாக்கக் கலெக்டர் வாராரு. தள்ளுலே."

(இருதயம் துணிந்தவன் என்று எழுதி, அடித்துவிட்டேன். வேலை போய்விடுமே என்று பயந்தவன். வீட்டில் மனைவி அன்னத்தாய் நிறைமாதம்.)

தள்ளினான். தீப்பொறி பறந்தது. கல் வெடித்தது. [ரத்தத்தை வருணித்து நாலு வரி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது, அதனால்தான் கிழித்தேன்.] வலக்கையில் இரண்டு விரல் போயிற்று.

3

இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். நேற்றுவரை யந்திர யுகத்தில் வாழ்ந்த வைகுண்டராஜ் கைகூப்பினார்: "பேய் சார். கெட்ட மரம். மனுசன் என்ன செய்ய முடியும்?"

இன்ஸ்பெக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். பேய்க்குச் சம்மன் அனுப்ப முடியாதல்லவா?

4

புதுக்கல் வந்தது. அதே மரத்தில் பாதி மிச்சம். காயம் ஆறுமுன்பே கூப்பிட்டனுப்பிவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு இருதயம் ஆலை வாசலில் நின்றான்.

"என்னலே நிக்க? உள்ள போ."

"பயமா இருக்கு மொதலாளி. பேய் இருக்குன்னு சர்க்கார்கிட்டயே நீங்கதான சொன்னிய?"

பின்னால் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"அது பேயில்லலே, ஆணி!" என்று கத்தினார் முதலாளி. கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்பச் சரி" என்றான் இருதயம். "இன்ஸ்பெக்டர்ட்டயும் அதையே சொல்லிருங்க. பொறவு வாரோம்."

5

[முடிவு அ: முதலாளி மனம் திருந்தி…] கை வரவில்லை.

[முடிவு ஆ: ஆட்கள் ஆலையைக் கைப்பற்றி…] ஆசை எனக்கு, அடி அவர்களுக்கு.

நடந்தது இவ்வளவுதான். பகல் முழுக்க ஆலை ஓடவில்லை. சாயங்காலம் வைகுண்டராஜ் வாய்ச்சியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தானே கட்டையைச் செதுக்கினார். ஓர் ஆணி தலைகாட்டியது. நிமிர்ந்து இருதயத்தைப் பார்த்தார்.

'இன்ஸ்பெக்டருக்கு ஆளனுப்புதேன்' என்று அவர் சொல்வதாக எழுதலாம். 'பாத்தியா, ஒண்ணே ஒண்ணுதான்!' என்று சொல்வதாகவும் எழுதலாம். உங்களுக்கும் ஒரு முதலாளி இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு, மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.